மார்ச் முடியட்டும்

விம்கோ நகர்,
20.1.2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். நானும் மகிழினியும் பாப்பாவும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றால் நீ "மீட்டிங்டா, அப்புறம்" என்று வைத்துவிடுகிறாய். எழுதினாலாவது உட்கார்ந்து படிப்பாய் என்று எழுதுகிறேன்.

கம்பெனி ஷேர் மார்க்கெட்டில் ஏறிய அன்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஜாங்கிரியும் ஆளுக்கு நூறு ஷேரும் கொடுத்தார்கள். அதிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கிரிக்கெட் பக்கம் மட்டும் பார்த்தவனெல்லாம் இப்போது பொடி எழுத்தில் 'நெய்தல் ரெசின்ஸ்' எங்கே என்று பேப்பரில் தேடுகிறான். பெயிண்டுக்குப் பிசின் காய்ச்சுகிற இடம், நாற்றம் பிடித்த இடம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்கூட, "உங்க கம்பெனி ஷேரு வாங்கலாமா நைனா?" என்று கேட்கிறார்கள். என் அக்காதான் கம்பெனியின் மும்பை ஆபீஸில் கணக்குப் பார்க்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. மகிழினி சொல்லிவிடுகிறாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வருடா வருடம் பிப்ரவரியில் ஷட்டவுன் எடுப்போம் இல்லையா? எல்லாவற்றையும் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, குழாய்களைப் பார்த்து, மெலிந்து போனதை மாற்றுவோம். இந்த வருடம் அந்தப் பேச்சையே காணோம். மேனேஜர் கஸ்பார் சாரைக் கேட்டால், "மேல கேட்டுகினுதான் கீறேன் பீமு, பதிலு வர்ல" என்கிறார். அந்த ஹீட்டர்தான் எங்கள் அடுப்பு. அதில் காய்கிற எண்ணெய்தான் குழாய் வழியாக ஓடி பிசின் காய்ச்சுகிற எல்லாக் கொப்பரையையும் சூடாக்குகிறது. அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவன் நான் என்பதால் கேட்கிறேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

பாப்பாவுக்குப் பெயர் வைக்க நீ வரவில்லை என்ற குறை இன்னும் தீரவில்லை.

உன் தம்பி,
பீம்ராவ்


செம்பூர், மும்பை,
6.2.2000

அன்புத் தம்பி பீமாவுக்கு,

கடிதம் வந்தது. பாப்பாவின் போட்டோவை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். புடவை எடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன். பெயர் வைக்க வராததற்குத் திட்டிக்கொள். அந்த வாரம் முழுக்க நான் ஆபீஸிலேயே தூங்கினேன்.

ஷட்டவுன் பற்றிக் கேட்டாய். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மக்களிடம் ஷேர் விற்றபோது முதல் வருடம் இவ்வளவு லாபம் வரும் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அதை மார்ச் முப்பத்தொன்றுக்குள் காட்டியாக வேண்டும். இப்போது ஷட்டவுன் எடுத்தால் உற்பத்தியும் நிற்கும், பழுதுபார்க்கிற செலவும் இந்த வருடக் கணக்கிலேயே விழும். புது யந்திரம் வாங்கினால் அந்தச் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துப் போடலாம். இருப்பதைத் திறந்து பார்த்துச் சரிசெய்கிற செலவுக்கு அந்தச் சலுகை இல்லை. அதே வருட லாபத்தைத் தின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் முடியட்டும். ஏப்ரலில் எடுத்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் இரும்பு உருகிவிடாது. கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. ஷூ போடாமல் உள்ளே போகாதே.

உன் அக்கா,
ரமா


விம்கோ நகர்,
9.4.2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். நலம். இங்கே நடந்த வேடிக்கையைக் கேள். மார்ச் கடைசி வாரம் லாரி லாரியாகப் பிசின் பீப்பாய் வெளியே போனது. எல்லாம் விற்றாகிவிட்டது என்றார்கள். போய் இறங்கிய இடம் மணலி புதுநகரில் ஒரு காலி குடோன். வாங்கியவர் யார் என்று லாரிக்காரனுக்கே தெரியவில்லை. ஏப்ரல் முதல் வாரம் அதே பீப்பாய்கள் அதே லாரியில் திரும்பி வந்தன. கூட வேலை செய்கிற தவசிமுத்து, தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், இறக்கிக்கொண்டே சொன்னான்: "என்னண்ணே, கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போன அண்டா மாதிரில்லா திரும்பி வருது!" எல்லோரும் சிரித்தோம். கஸ்பார் சார் மட்டும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் வந்துவிட்டது அக்கா. ஷட்டவுன் எப்போது? ஹீட்டர் ஓடும்போது முன்பு ஒரு சீராகச் சத்தம் வரும். இப்போது நடுவில் விக்குகிறது. உடம்புத் தகட்டில் ஓர் இடத்தில் பெயிண்ட் கறுத்துப் போயிருக்கிறது. உள்ளே எங்கோ சூடு ஒரே இடத்தில் கட்டுகிறது என்று அர்த்தம்.

பாப்பா தவழ்கிறாள். உன் போட்டோவைக் காட்டி "அத்தை" என்றால் கையை நீட்டுகிறாள்.

பீம்ராவ்


செம்பூர்,
25.4.2000

அன்புள்ள பீமா,

முதலில் ஒன்று. அந்தப் பீப்பாய்ப் பேச்சை டீக்கடையில் பேசாதே. தவசிமுத்துவையும் பேச வேண்டாம் என்று சொல். புதிதாக மார்க்கெட்டுக்கு வந்த கம்பெனிகள் முதல் ஒன்றிரண்டு வருடம் எப்படியோ இழுத்துப் பிடிக்கின்றன. நாம் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

பேப்பரில் நம் லாபத்தைப் பார்த்திருப்பாய். சொன்னதைவிடக் கூடுதல். ஆனால் மார்ச்சில் விற்றதாகக் காட்டியது ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டதே, அந்தக் குழியை ஜூனுக்குள் நிரப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபத்தை ஊருக்குச் சொல்லியாக வேண்டும். சேர்மன் தன் ஷேரையெல்லாம் பாங்கில் அடமானம் வைத்திருக்கிறார். விலை சரிந்தால் பாங்க் அதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் கம்பெனி யார் கைக்குப் போகும், தொழிற்சாலையை வைத்திருப்பார்களா, நிலத்தை விற்பார்களா, யாருக்குத் தெரியும்? முந்நூறு குடும்பம் பீமா.

அதனால் ஷட்டவுன் அக்டோபருக்குப் போகிறது. என்னை இந்த மாதம் டெபுடி மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அக்கா


விம்கோ நகர்,
2.10.2000

அக்காவுக்கு,

நலம். நீ ஊருக்கு வருவாய் என்று ஆகஸ்டில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை மகிழினி வீட்டைக் கழுவி வைத்தாள். வரவில்லை. பரவாயில்லை.

போன வாரம் ஹீட்டர் குழாயில் கசிவு. சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்து கீழே புகைந்தது. நானும் தவசிமுத்துவும் வாளி வாளியாக மணலைக் கொட்டி, குழாய்க்கு வெளியே ஒரு பட்டை போட்டு இறுக்கினோம். இது புண்ணுக்குத் துணி கட்டுகிற மாதிரி. உள்ளே சீழ் அப்படியேதான் இருக்கிறது. கஸ்பார் சாரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "அக்டோபர்னு சொன்னீங்களே சார், எப்போ நிறுத்தப் போறீங்கோ?" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"பீமு, நான் மூணு வாட்டி எழுதிட்டேன்பா. இன்னொரு வாட்டி எழுதுனா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ. இந்த வருசம் ஷட்டவுன் செலவே வேணாம்னு போன்ல சொன்னது யாருன்னு நெனச்ச? உங்க அக்காதாம்பா."

நான் நம்பவில்லை. நீயே எழுது.

பீம்ராவ்


செம்பூர்,
16.10.2000

என் பீமா,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

எங்கே கைவைத்தால் லாபம் நிற்கும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். சம்பளத்தில் வைக்கலாம், ஆட்களைக் குறைக்கலாம், ஷட்டவுனைத் தள்ளலாம். நான் மூன்றாவதைக் காட்டினேன். ஆட்களைக் குறைத்திருந்தால் உன் பெயர் இருந்திருக்கும், தவசிமுத்து பெயரும் இருந்திருக்கும். அதை நீ யோசித்துப் பார்.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சாயங்காலக் கல்லூரியில் படித்து, உன்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்து, இந்த நாற்காலிக்கு வந்தது உனக்குத் தெரியும். வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து இங்கே வந்து உட்கார்ந்த ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் 'முடியாது' என்றால் அவர்களுக்கு அது அபிப்பிராயம். நான் சொன்னால், 'இவர்களை எல்லாம் மேலே கொண்டுவந்தால் இப்படித்தான்' என்பார்கள். ஒரே ஒரு தடவைதான் சொல்ல முடியும். அதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் இன்னொரு முறை ஷேர் வெளியிடப் போகிறார்கள். அது வரைக்கும் லாபம் ஒரு புள்ளி குறையக் கூடாது. மார்ச் முடியட்டும். இந்த முறை சத்தியம்.

உன்னை அங்கே நிற்க விட என்னால் முடியாது. கஸ்பாரிடம் பேசிவிட்டேன். நவம்பர் முதல் தேதியிலிருந்து நீ ஸ்டோர்ஸில். சம்பளம் குறையாது. ஏன் எதற்கு என்று கேட்காமல் போய் உட்கார். எனக்காக.

அக்கா


விம்கோ நகர்,
26.11.2000

அக்காவுக்கு,

ஸ்டோர்ஸில் உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் இருக்கிறது. திருகாணி, பேரிங், கையுறை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. மகிழினி உனக்கு ஆயிரம் நன்றி சொல்லச் சொன்னாள். மாற மாட்டேன் என்று முதலில் சொன்னேன். அவள் பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் என்ன சொல்ல?

என் இடத்துக்குத் தவசிமுத்துவைப் போட்டார்கள். ஹீட்டர் ஆளுக்குப் படி கூடுதல் இல்லையா, அவன் பொண்டாட்டி ஞானசெல்வி எனக்குப் பொரிவிளங்காய் செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். நான் சிபாரிசு செய்துதான் அந்த இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"முத்து, குழாய் பக்கத்துல நிக்காத. பட்டைல கசிவு கண்டா ஒன்னியும் யோசிக்காத, சுவிட்ச அமத்திட்டு ஓடிடு" என்றேன். "அமத்துனா உற்பத்தி போச்சுன்னு மெமோ குடுப்பாவளேண்ணே" என்றான். நான் ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆபத்து இல்லை என்றால் என்னை ஏன் மாற்றினாய்? ஆபத்து என்றால் என்னை மட்டும் ஏன் மாற்றினாய்?

பீம்ராவ்


செம்பூர்,
11.2.2001

அன்புத் தம்பிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுத முடிகிறது, ஏனென்றால் நல்ல செய்தி இருக்கிறது. ஷட்டவுனுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது. ஏப்ரல் ஐந்து. குழாய் அத்தனையும் புதிது. நானே நின்று கையெழுத்து வாங்கினேன். சேர்மன் முகம் சுளித்தார், ஆனாலும் போட்டார்.

ஏப்ரல் பதினான்கு அண்ணல் பிறந்தநாளுக்கு அங்கே இருப்பேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பாப்பாவுக்கு நீல கவுன் வாங்கியிருக்கிறேன். மகிழினியிடம் சொல், இந்த முறை வீட்டைக் கழுவலாம்.

தவசிமுத்துவிடமும் சொல். இன்னும் கொஞ்ச நாள்தான்.

அக்கா


விம்கோ நகர்,
21.3.2001

அக்கா,

போனில் நீ அழுதாய். நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, டீ வந்து கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்டோர்ஸ் ஜன்னல் கண்ணாடி முழுக்க என் மேசை மேல் வந்து விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்ட மாதிரி இருந்தது. ஓடினேன். ஹீட்டர் கொட்டகை இருந்த இடத்தில் கறுப்புப் புகை. எண்ணெய் தரையில் ஓடிக்கொண்டே எரிந்தது. நாங்கள் மணலைக் கொட்டினோம், நுரை அடித்தோம். தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது.

முத்து ஹீட்டரை அமத்தியிருக்கிறான் அக்கா. சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. அமத்திவிட்டு வாசலுக்கு வர அவனுக்கு நேரம் இல்லை. கூட இருந்த இன்னொரு ஆள் வெந்த கையோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள்.

ஞானசெல்வி எர்ணாவூரிலிருந்து நடந்தே கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டாள். செருப்புகூட இல்லை. "என் வீட்டுக்காரர் எங்க? நீங்க அவரு கூடத்தான நிப்பீங்க?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். நான் அவன்கூட நிற்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

இதற்குள் ஆபீஸிலிருந்து ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். முத்துதான் தப்பான வால்வைத் திறந்துவிட்டானாம்.

பீம்ராவ்


செம்பூர்,
30.3.2001

என் பீமா,

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூங்கினால் நீ அங்கே நிற்கிறாய். விழித்தால் நீ இல்லை, தவசிமுத்து என்று தெரிகிறது. அப்போது மனசு ஒரு கணம் நிம்மதி ஆகிறது பார், அதற்கு என்னை என்ன செய்தாலும் தகும்.

இருந்தாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். ஞானசெல்விக்குச் சட்டப்படி கொடுப்பதைப் போல மூன்று மடங்கு கொடுக்கக் கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். இதோடு ஒரு தாள் வருகிறது. வால்வைத் தவறுதலாகத் திறந்ததால் விபத்து நடந்தது, வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கிறது. ஞானசெல்வி கையெழுத்துப் போட்டால் போதும். போடாவிட்டால் வழக்கு, சீல், மார்க்கெட்டில் பீதி, எல்லோருக்கும் வேலை போகும். அந்தப் பெண்ணுக்கும் கோர்ட்டில் வருடக்கணக்காக எதுவும் கிடைக்காது.

உன்னைத்தான் அவர் நம்புகிறார். நீ கொண்டுபோய்ப் படித்துக் காட்டு. இறந்தவர் திரும்பி வரப் போவதில்லை. இருப்பவர்களைப் பார்ப்போம்.

பதினான்காம் தேதி வருகிறேன்.

அக்கா


விம்கோ நகர்,
8.4.2001

அக்காவுக்கு,

தாளை எடுத்துக்கொண்டு போனேன். உன் பேச்சைத் தட்டாதவன் அல்லவா நான்.

ஞானசெல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். படித்துக் காட்டினேன்.

"யாரு எழுதுனது இத?" என்றாள்.

"எங்க அக்கா."

"அவங்க இங்க வந்து பாத்தாங்களா, இவரு எதத் தொறந்தாருன்னு?"

"இல்ல. அவன் தப்பு ஒன்னியும் பண்ல. அமத்தினான். அவன் அமத்தலன்னா கொப்பரையும் வெடிச்சிருக்கும், நான்கூட இன்னிக்கு இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஷட்டவுன் தள்ளிப்போனது, குழாய் கசிந்தது, என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப உங்க அக்காளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

"ஆமா" என்றேன்.

அவளுடைய அண்ணன் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். தாள் அங்கேயே கிடந்தது. கையெழுத்து ஆகவில்லை. மறுநாள் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குப் போய் அவளிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே கேட்டில் என்னை உள்ளே விடவில்லை.

நீ என்னை வளர்த்தாய். படிக்க வைத்தாய். இப்போது உயிரையும் காப்பாற்றிவிட்டாய். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, எப்படி மன்னிப்பது என்றும் தெரியவில்லை. பதினான்காம் தேதி வராதே அக்கா. மகிழினியும் இதையேதான் சொல்கிறாள்.

பீம்ராவ்


செம்பூர்,
22.7.2001

என் பீமாவுக்கு,

ஜெய் பீம். நீ வராதே என்ற பிறகு இது நான்காவது கடிதம். முன்னே எழுதிய மூன்றும் வந்து சேர்ந்திருக்கும், திரும்பி வரவில்லையே. மீஞ்சூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நீல கவுனைத் தபாலில் அனுப்பினேன். பாப்பாவுக்கு இப்போது பத்தாமல் போயிருக்கும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் போட்ட வழக்கில் கஸ்பாரை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். பராமரிப்பு அவர் பொறுப்பாம். ஷட்டவுன் வேண்டாம் என்று நான் சொன்னது போனில்தானே, உன் வாய்ச்சொல்லைத் தவிர எங்கேயும் என் பெயர் இல்லை. நானே அங்கே வந்து இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். ஒருமுறை ரயில் பிடிக்கத் தாதர் ஸ்டேஷன் வரை போனேன். ஞானசெல்வி ஊரோடு போய்விட்டார் என்றும், வழக்குப் போட்டிருக்கிறார் என்றும் எங்கள் வக்கீல் சொன்னார். வாய்தா வாங்கிக்கொண்டே போகலாம், நமக்கு அவசரமில்லை என்றும் சொன்னார்.

வருடக் கணக்கு வெளியாகிவிட்டது. விபத்துச் செலவை 'அசாதாரணம்' என்று தனி வரியில் ஒதுக்கிப் போட்டோம். அதைத் தவிர்த்துப் பார்த்தால் லாபம் சொன்னபடியே வந்திருக்கிறது. ஷேர் விலை இரண்டு நாள் சரிந்தது, அப்புறம் ஏறிவிட்டது.

தொழிற்சாலை மறுபடி ஓடுகிறது. புது ஹீட்டர். புதிது என்பதால் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துப் போட்டாகிவிட்டது. ஆனால் கொப்பரைகள் பழையவை. அதற்கான ஷட்டவுன் செலவுத் தாள் இன்றைக்கு என் மேசைக்கு வந்திருக்கிறது. பழையபடி, எங்கே கைவைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

நான் இன்னும் அந்தத் தாளில் கைவைக்கவில்லை பீமா. செப்டம்பர்க் கணக்கு முடியும் வரைக்கும் வைக்காமல் இருந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். நீ ஒரு வரி எழுதினால் இருந்துவிடுவேன்.

அக்கா,
ரமா